காத்துக்குப் பூட்டு

அந்த ஸ்பேனரைக் கீழே வையுங்க அண்ணே. கோபப்படாதீங்க. பெரியப்பா வரச் சொன்னார், வந்தீங்க, நியாயம்தான். மதுரையிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தீங்க, அதுவும் நியாயம்தான். ஆனால் உங்க பையை நான் பார்த்துவிட்டேனே. ஸ்பேனர் இருக்கு, டேப் இருக்கு, டிபன் பாக்ஸ்கூட இருக்கு. பூட்டு மட்டும் இல்லை. எங்க மில்லில் பூட்டு இல்லாதவர் காற்றுக் குழாயில் கை வைக்க முடியாது.

ஆணியில் தொங்குகிற அந்தப் பூட்டுகளைப் பார்க்கிறீங்க, தெரியுது. அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளக் கூடாதா என்று நினைக்கிறீங்க. கூடாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள் இருக்கு. பெயின்ட்டில் பெயர் எழுதியிருக்கு பாருங்க. உங்களுக்குப் புதுப் பூட்டு வாங்க சோலைராஜ் அண்ணன் பஜாருக்குப் போயிருக்கிறார். எங்க கம்ப்ரசர் ஆபரேட்டர். சைக்கிளை ஓட்டிக்கொண்டு போவாரா, உருட்டிக்கொண்டு போவாரா என்பது அவருக்கே தெரியாது. அதுவரைக்கும் இந்தத் துவரம்பருப்பு மூட்டை மேல் உட்காருங்க. ஒன்றும் ஆகாது. பெரியப்பாவே மத்தியானம் இதில்தான் தூங்குவார்.

நான் யாரா? சுகிர்தா. இந்த மில் முதலாளி தனபாலன் இருக்கிறாரே, அவருடைய தம்பி மகள். பிளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறேன். சின்னப் பொண்ணு நம்மை நிறுத்தி வைக்குதே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் ஒன்றும் ஆசை இல்லை அண்ணே. இது எனக்குக் கொடுத்த தண்டனை. ஓர் உயிரைக் காப்பாற்றினேன், அதற்குத் தண்டனை. நம்பமாட்டீங்க. கேளுங்க.

முதலில் ஒன்று தெரிஞ்சுக்கோங்க. எனக்குக் குரல் வரும். யார் குரலாக இருந்தாலும் ரெண்டு நாள் கேட்டால் போதும், மூன்றாம் நாள் என் தொண்டையில் வந்து உட்கார்ந்துவிடும். பெரியப்பா குரல் ரொம்பச் சுலபம். மூக்கைக் கொஞ்சம் அடைத்துக்கொண்டு, ஒவ்வொரு பேச்சின் கடைசியிலும் "என்ன நான் சொல்றது?" என்று சேர்த்தால் போதும். போன தீபாவளிக்கு முன்னால் அந்தக் குரலில் சன்னல் வழியாக, "எல்லாரும் வீட்டுக்குப் போங்கம்மா, மத்தியானம் லீவு, என்ன நான் சொல்றது?" என்றேன். பெரியப்பா சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் களத்தில் பருப்பு காய்கிறது, காக்கா மேய்கிறது, ஒரு ஆள் இல்லை. அவர் அன்றைக்குத் திட்டிய திட்டையும் அப்படியே மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறேன். சொல்லட்டுமா? வேண்டாமா? சரி.

மாடியில் இருக்கிறதே கலர் சார்ட்டர், அதைப் போன மாதம்தான் வாங்கினார். பருப்பு அருவி மாதிரி கொட்டும். உள்ளே இருக்கிற கேமரா கறுப்புப் பருப்பு எது, கல் எது என்று பார்க்கும். பார்த்த நொடியில் காற்றாலேயே 'ப்ச்' என்று ஒரு ஊது ஊதி அந்த ஒரு பருப்பை மட்டும் தள்ளிவிடும். வேடிக்கையாக இருக்கும். ஆனால் அதற்குக் காற்று சுத்தமாக வேண்டும், ஈரம் இருக்கக்கூடாது, நிற்காமல் வர வேண்டும். அதனால் பெரிய கம்ப்ரசர். அதற்குத்தான் மில்லுக்குப் பின்னால் தனியாக இந்த ஷெட். இங்கிருந்து மாடி வரைக்கும் பைப்.

அந்த பைப்பைப் போட வந்தவர்தான் அருள்தாஸ். சிவகாசிக்காரர். உங்க நம்பரைக் கொடுத்ததே அவர்தான். அவர் ஏன் வரவில்லை என்று யோசித்தீங்களா? பெரியப்பா முதலில் அவரைத்தான் கூப்பிட்டார். "அந்தப் பொண்ணு வெளியூர் எங்கயும் போயிருக்கா?" என்று கேட்டாராம். இல்லை என்றதும் உங்க நம்பரைக் கொடுத்து போனை வைத்துவிட்டார். நான் என்னமோ அவரைக் கடித்து வைத்த மாதிரி!

வேலைக்காரர்தான், குறை சொல்லமாட்டேன். பைப்பை நேராகப் போடாமல் லேசாகச் சரித்துப் போட்டார், உள்ளே சேருகிற தண்ணீர் ஒரு பக்கமாக ஓடி வடியட்டும் என்று. கம்ப்ரசர் அதிருகிற அதிர்வில் பைப் விட்டுப் போகாமல் இருக்க, நடுவில் ரப்பர் ஹோஸ் மாட்டினார். அந்த ஹோஸின் ரெண்டு முனையையும் கம்பிக் கயிறு போட்டுக் கட்டினார். "இது எதுக்கு, மாடு மாதிரி கட்டுறீங்க?" என்று கேட்டேன்.

"ஹோஸ்... கழண்டுச்சுன்னா... பாம்பு... பாப்பா. அடிக்கிற... பாம்பு."

பார்த்தீங்களா, அப்படித்தான் பேசுவார். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வேதம் வாசிக்கிறவர். குரல் கணீர் என்று இருக்கும். அது அவருக்கும் தெரியும். அதுதான் வினையே.

ஒருநாள் பெரியப்பாவிடம் வந்து நின்றார்.

"வால்வுக்கு... ஒரு பூட்டு... வேணும்... முதலாளி. நான் மேல... வேலை பாக்கும்போது... யாரும் கீழ... திறந்துறக்கூடாது."

பெரியப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பூட்டா? காத்தை எவன்யா திருடிட்டுப் போகப்போறான்? பருப்பு மூட்டையே வெட்டவெளியில கெடக்கு, காத்துக்குப் பூட்டுப் போடச் சொல்றீரே! என்ன நான் சொல்றது?"

வேறு ஆளாக இருந்தால் இன்னொரு தடவை கேட்டிருப்பார். இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு என்ன சொன்னார் தெரியுமா?

"பூட்டு வேண்டாம்னா... வேண்டாம். என் குரலே... பூட்டு."

அப்படியே சோலைராஜ் அண்ணன் பக்கம் திரும்பினார். "எவன் சொன்னாலும்... வால்வைத் தொடாதே. முதலாளி சொன்னாலும்... தொடாதே. நான் மேல இருந்து... 'காத்தை விடு'ன்னா விடு. 'காத்தை அடை'ன்னா அடை. என் குரல்... ஒண்ணுதான்... கணக்கு."

நான் படிக்கட்டில் உட்கார்ந்து பொரிகடலை தின்றுகொண்டிருந்தேன். அண்ணே, நீங்களே சொல்லுங்க. என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் இப்படிப் பேசலாமா? தேடி வந்து என் கையில் கொடுத்த மாதிரி இல்லையா?

போனில் சொல்லிக்கொள்ளலாமே என்பீங்க. ஷெட்டுக்குள் டவர் கிடையாது. மாடியில் நிற்கிறவருக்கு ஷெட் தெரியாது, ஷெட்டில் நிற்கிறவருக்கு மாடி தெரியாது. ரெண்டும் தெரிகிற இடம் ஒன்றே ஒன்றுதான். படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு சன்னல் இருக்கு. அந்த இடம் என்னுடையது.

சோதனை பார்க்கிற நாள் வந்தது. மில்லையே நிறுத்திவிட்டார்கள். மெஷினில் மாட்டுவதற்கு முன்னால் வெறும் பைப்பில் காற்றை விட்டு, உள்ளே இருக்கிற துரு, வெல்டிங் தூள் எல்லாவற்றையும் வெளியே தள்ள வேண்டும். உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும். அருள்தாஸ் மாடியில். சோலை அண்ணன் ஷெட்டில். நான் நடுவில், பொரிகடலையோடு.

ஒருமுறை ஊதி முடித்து அடைத்த பிறகு, சும்மா இருக்க முடியாமல் ஆரம்பித்தேன்.

"சோலை... தலையில... துண்டைக் கட்டு."

கட்டினார்.

"சோலை... இடது கையால... மூக்கைத் தொடு."

தொட்டார் அண்ணே! ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. அத்தனை மரியாதை அந்தக் குரலுக்கு. எனக்குப் பொரிகடலை புரை ஏறிவிட்டது.

ஒன்று கவனிச்சுக்கோங்க. 'காத்தை விடு' என்று மட்டும் நான் சொல்லவே இல்லை. எனக்கும் அறிவு இருக்கு. மேலே ஆள் பைப் பக்கத்தில் நிற்கும்போது காற்றைத் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்று தெரியாதா? 'காத்தை அடை' மட்டும் ஒரே ஒரு தடவை சொன்னேன். ரெண்டாம் முறை ஊதிக்கொண்டிருக்கும்போது. அடைப்பதில் யாருக்கு என்ன ஆபத்து, சொல்லுங்க?

காற்று நின்றதும் அருள்தாஸ் திடுதிடுவென்று இறங்கி வந்தார்.

"யார்... அடைக்கச்... சொன்னது?"

"நீங்கதான் அண்ணாச்சி."

"நானா?"

"நீங்கதான சொன்னீங்க. அதுக்கு முன்னாடி மூக்கையும் தொடச் சொன்னீங்க."

அவர் மெதுவாகத் தலையைத் தூக்கிச் சன்னலைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். பிறகு என்னைத் திட்டாமல் சோலை அண்ணனை வாங்கு வாங்கென்று வாங்கினார். "என் குரலுக்கும்... ஒரு குட்டிக் குரங்கு... குரலுக்கும்... வித்தியாசம் தெரியாத... காதா... அது?" சோலை அண்ணனுக்கு முகம் சுண்டிப் போய்விட்டது. களத்துப் பெண்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் சம்சாரம் முத்துப்பேச்சி அக்காவும் அங்கேதான் பருப்புக் காயப்போடுகிறார். அவரும் பார்த்தார்.

"இனி அந்தப் பொண்ணு தொண்டை கிழியக் கத்துனாலும் நான் அடைக்கமாட்டேன். சத்தியம்!" என்றார் சோலை அண்ணன்.

அருள்தாஸ் உடனே ஒரு வழி கண்டுபிடித்தார். "இனிமே... நானே கீழ வந்து... நேர்ல சொல்றேன். நான் மேல ஏறினப்பறம்... நூறு எண்ணு. எண்ணிட்டு... விடு."

நல்ல வழிதான். திறப்பதற்கு நூறு எண்ண வேண்டும். அடைப்பதற்கு? அதைப் பற்றி அவரும் பேசவில்லை, சோலை அண்ணனும் கேட்கவில்லை. இத்தனை பெரிய ஆட்கள், ஒருவருக்கும் தோன்றவில்லை பாருங்க.

மத்தியானம் மெஷினோடு ஹோஸை மாட்டினார். கீழே ஷெட்டில் கட்டினார் என்றேனே கம்பிக் கயிறு, அது தீர்ந்துவிட்டது. மேல் ஹோஸுக்கு இல்லை. "நாளைக்கு... கட்டிக்கலாம்" என்று கிளிப்பை மட்டும் முறுக்கிவிட்டுக் கீழே வந்தார், சோலையிடம் சொன்னார், திரும்ப மேலே ஏறினார். சோலை அண்ணன் நூறு எண்ணினார். எண்ணி முடித்ததும் வால்வை மெல்ல மெல்லத் திறக்கணுமா இல்லையா? கோபத்தில் ஒரே திருப்பு.

'டப்'பென்று ஒரு சத்தம். கிளிப் பறந்தது. ஹோஸ் துள்ளி எழுந்தது.

பாம்பு என்று சொன்னாரே, அது பொய் அண்ணே. பாம்பு இவ்வளவு வேகமாக அடிக்காது. இந்தச் சுவரில் ஒரு அடி, அந்த மெஷினில் ஒரு அடி, திரும்பி மூட்டையில் ஒரு அடி. அடித்த இடத்தில் சாக்கு கிழிந்து பருப்பு கொட்டுகிறது. அருள்தாஸின் கண்ணாடி எங்கேயோ பறந்தது. கையில் ஒன்று வாங்கிவிட்டு அவர் மூட்டைகளுக்குப் பின்னால் விழுந்து தலையை மூடிக்கொண்டார். மேலேயும் ஒரு வால்வு இருக்கு. ஆனால் அது ஹோஸ் ஆடுகிற இடத்துக்கு நடுவில். கையை நீட்டினால் கை போய்விடும். அவர் ஒண்டியிருந்த மூட்டையிலும் பருப்பு கொட்டிக் கொட்டி, மூட்டை தாழ்ந்துகொண்டே வந்தது.

"காத்தை அடை! சோலை! காத்தை அடை!"

சன்னல் வழியாக ஷெட்டைப் பார்த்தேன். சோலை அண்ணன் மாப்பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்!

நான் கத்தினேன். "அண்ணே, அடைங்க! நிஜமாத்தான்!"

அவர் சன்னலைப் பார்த்துக் கையை ஆட்டினார். "பாப்பா, அண்ணாச்சி குரல்லயே கத்து. அதுதான் ரொம்ப நல்லா இருந்துச்சு!"

சரி, முதலாளி குரலுக்காவது அடைப்பார் என்று மூக்கை அடைத்துக்கொண்டு, "சோலை! அடைய்யா! என்ன நான் சொல்றது!" என்றேன்.

"அடேயப்பா! இது அதைவிட நல்லா இருக்கு!" என்று கைதட்டினார்.

ஓடிப் போய் அடைத்திருக்கலாமே என்று உங்க முகம் கேட்குது. கீழே இறங்கி, மில்லைச் சுற்றிக்கொண்டு, குப்பைமேடு தாண்டி இந்த ஷெட்டுக்கு வர வேண்டும். அந்த மூட்டை அதுவரைக்கும் தாங்காது.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. இடுப்பில் கை வைத்துக்கொண்டேன். அப்படி வைத்தால்தான் அந்தக் குரல் சரியாக வரும்.

"ஏங்க! என்ன பராக்குப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீக? அந்தக் கருமத்தை அடைக்கப்போறீகளா, நான் வரட்டுமா?"

முத்துப்பேச்சி அக்கா.

வாய் மூடவில்லை அண்ணே, அதற்குள் வால்வு மூடிவிட்டது. ஹோஸ் ரெண்டு தரம் துள்ளிவிட்டுத் தொப்பென்று விழுந்தது. பிறகு சோலை அண்ணன் எல்லாரிடமும் சொன்னார்: "அது பாப்பாதான்னு எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சும் கை தன்னால திரும்பிருச்சு."

அருள்தாஸை மூட்டைக்குப் பின்னாலிருந்து தூக்கி உட்கார வைத்தோம். கை புடலங்காய் மாதிரி வீங்கியிருந்தது. கண்ணாடி பருப்புக் குவியலுக்குள் கிடந்தது. ஒரு கண் கண்ணாடிதான் மிச்சம். கண் ரெண்டும் பிழைத்தது. இதில் ஒரு ஆச்சரியம் கேளுங்க. அன்று சாயங்காலம் வரைக்கும் அவர் பேச்சில் இடைவெளியே இல்லை. "தண்ணிகுடுதண்ணிகுடு ஐயோசாமி அடைச்சாச்சா நல்லாப்பாத்தியா அடைச்சாச்சா" என்று ஒரே மூச்சு. அந்தக் குரலை மட்டும் நான் இன்னும் எடுத்துப் பார்க்கவில்லை. என்னமோ, தோன்றவில்லை.

இப்ப நீங்க சொல்லுங்க. காப்பாற்றியது யார்? நான்தானே? ஒருத்தராவது "நல்லாக் கத்துனே பாப்பா" என்று சொல்ல வேண்டாமா? முத்துப்பேச்சி அக்கா ஒருவர்தான் மரியாதை தெரிந்தவர். "என் குரல்ல இன்னொரு தடவை கத்து தாயி, அவுகளை ரேஷன் கடைக்கு அனுப்பணும்" என்றார்.

பெரியப்பா வந்தார். கிழிந்த மூட்டைகளைப் பார்த்தார். அருள்தாஸின் கையைப் பார்த்தார். அவரே பஜாருக்கு நடந்துபோய் ஒரு பை நிறையப் பூட்டு வாங்கி வந்து மேஜையில் கொட்டினார்.

"காத்தை எவனும் திருடமாட்டான்னு சொன்னேன். திருடமாட்டான்தான். ஆனா குரலைத் திருடுறதுக்கு வீட்டுக்குள்ளயே ஒரு ஆளு வளருது. எவன் பைப்புல கை வைக்கிறானோ அவன் வால்வை அடைச்சுத் தன் பூட்டைப் போடணும். சாவி அவன் பாக்கெட்டுல. வேலை முடிஞ்சு அவனே வந்துதான் திறக்கணும். எவன் குரலும் செல்லாது. என் குரலும் செல்லாது. என்ன நான் சொல்றது?"

அதோடு விட்டாரா? என்னைப் பார்த்தார். "நீ இங்க வா. இனிமே எவன் வேலைக்கு வந்தாலும் நீ கூட நிக்கணும். பூட்டுப் போட்டானா, பைப்புல மிச்சம் இருக்கிற காத்தை வடிச்சுவிட்டானா, மீட்டர் முள்ளு பூஜ்யத்துக்கு வந்துச்சா, ஹோஸுக்கு ரெண்டு பக்கமும் கம்பி கட்டினானா, எல்லாம் நீதான் பாக்கணும். நீ சரின்னு சொல்லாம எவனும் ஸ்பேனர் எடுக்கக்கூடாது."

லீவு முழுக்க இந்தக் காவல். என் சிநேகிதிகள் எல்லாம் கொடைக்கானல் போயிருக்கிறார்கள். என்னை மாதிரி விளையாட்டுப் பிள்ளையிடம் போய் இந்த வேலையைக் கொடுக்கலாமா? மில்லில் வேறு ஆளா இல்லை? பெரியப்பாவுக்கு என் மேல் அவ்வளவு கோபம்.

சரி, உங்க வேலைக்கு வருவோம். இந்த ரெண்டாவது கம்ப்ரசரை அதே பைப்பில் சேர்க்கணும், அதானே? ஒன்றுடைய காற்று இன்னொன்றுக்குள் திரும்பிப் போகாமல் இருக்க ஒருவழி வால்வு கொண்டுவந்தீங்களா? காட்டுங்க. ம். அம்பு எந்தப் பக்கம் பார்க்கணும் என்று தெரியும்தானே? சிரிக்காதீங்க, கேட்பது என் கடமை. பழைய கம்ப்ரசர் பக்கமும் அடைக்கணும். அது நிற்குது என்பதற்காக பைப்புக்குள் காற்று இல்லை என்று ஆகிவிடாது. அதோ பாருங்க, முள் இன்னும் பாதியில் நிற்குது.

கேட்டுச்சா? வெளியே யாரோ கூப்பிடுகிறார்கள். "ஏ சுகி! அவரை ஏன் உக்கார வச்சிருக்க? லோடு வந்து நிக்குது, வேலையை ஆரம்பிக்கச் சொல்லு! என்ன நான் சொல்றது?"

எழுந்திருக்காதீங்க அண்ணே! உட்காருங்க. பெரியப்பா குரல் மாதிரிதான் இருக்கு. அதனால் என்ன? அதை எடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியாதா?

வாங்க பெரியப்பா. நீங்கதானா? குரலும் நீங்கதான், ஆளும் நீங்கதான், வேர்வைகூட நீங்கதான். இருந்தாலும் முடியாது. முறைக்காதீங்க. உங்க குரலும் செல்லாது என்று சொன்னது யார்? நானா சொன்னேன்? அண்ணே, பாருங்க, கோபமாக இருக்கிறவர் இப்படியா மீசைக்குள் சிரிப்பார்? இந்த மனிதரை என்னால் புரிந்துகொள்ளவே முடியவில்லை.

அதோ சோலை அண்ணன் வந்துவிட்டார். சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் வருகிறார். கொடுங்க அண்ணே பூட்டை. இந்தாங்க மதுரை அண்ணே, ரெண்டு வால்வையும் அடைத்துவிட்டு, சங்கிலியைக் கோத்து நீங்களே போடுங்க. சாவியை என்னிடம் நீட்டாதீங்க, உங்க பாக்கெட்டில் வையுங்க. இப்ப வடிகுழாயைத் திறங்க. மெல்ல. முள் இறங்குது... இறங்குது... இன்னும் கொஞ்சம்... வந்தாச்சு.

பூட்டு விழும்போது 'க்ளிக்' என்று ஒன்று கேட்டதே, கவனிச்சீங்களா? அந்தச் சத்தத்தை மட்டும் என்னால் எடுக்க முடியவில்லை அண்ணே. நாக்கை எப்படி மடித்தாலும் வரமாட்டேங்குது.